வெள்ளி ஏறாத கொக்கு

எர்ட்மான் பிரெலைப் பற்றி ஊரில் உலவிய கதைகளில் பாதியைக் கிளப்பிவிட்டவர் எர்ட்மான் பிரெல்தான். மற்றவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. முந்திக்கொண்டு தானே சிரித்துவிடுவார். இதை அடக்கம் என்று சொன்னவர்கள் உண்டு. அடக்கமில்லை. தன் அசட்டுத்தனத்தைக்கூட இன்னொருவன் தன்னைவிட நன்றாகச் சொல்லிவிடக் கூடாது என்கிற ஒருவகைக் கர்வம் அது.

அவர் அதிகம் சொன்ன கதை, க்முண்ட் நகரத்துக்குத் தான் வந்து சேர்ந்த கதை.

அவர் பிறந்தது பவேரியாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் செல்ப் என்ற ஊரில். அந்த ஊரில் பிறந்தால் பீங்கானுக்குத்தான் போக வேண்டும். அப்பா சூளையில் அடுக்கினார், அம்மா கோப்பைகளை வைக்கோலில் சுற்றினாள், பிரெல் தட்டுகளின் விளிம்பில் கோடு போட்டார். க்முண்ட் வேறு மாதிரி ஊர். தலைமுறை தலைமுறையாகத் தங்கமும் வெள்ளியும் தட்டிப் பிழைத்த, ஜெர்மனியின் தென்மேற்குப் பக்கத்து ஸ்வாபியர்களின் ஊர். மின்சாரம் வந்தபிறகு, பீங்கானின் மேல் வெள்ளியை வளர்க்கலாம் என்று தெரிந்துகொண்டு அதில் இறங்கிவிட்டார்கள். செல்பிலிருந்து வெள்ளைச் சாமான் பெட்டி பெட்டியாக வரும். இலையும் கொடியுமாக வெள்ளி உடுத்திக்கொண்டு கண்ணாடி அலமாரிகளுக்குப் போகும். அடியில் இரண்டு முத்திரை இருக்கும். பச்சையில் செல்ப் ஆலையின் முத்திரை, பக்கத்தில் சுத்த வெள்ளி என்று சொல்லும் க்முண்ட் முத்திரை.

பிள்ளை பெற்றது நாங்கள், சட்டை போட்டுவிட்டவன் பெயர் வாங்குகிறான் என்பார்கள் செல்ப்காரர்கள். சட்டை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையை யார் திரும்பிப் பார்ப்பது என்பார்கள் க்முண்ட்காரர்கள். இரண்டு பக்கமும் உண்மை இருந்தது. அதனால்தான் சண்டை ஓயவில்லை.

அப்படி ஒரு சண்டையில்தான் இளைஞரான பிரெல் வந்து இறங்கினார். வாகன்பிளாஸ்ட் என்பவரின் வெள்ளிப் பட்டறையில் ஒரு பெட்டி காபி ஜாடிகளில் வெள்ளி உரிந்துகொண்டு வந்தது. பீங்கானின் பளபளப்புப் பூச்சு சரியில்லை என்றது பட்டறை. உங்கள் வெள்ளித் தொட்டி சரியில்லை என்றது ஆலை. நன்றாகப் பேசுகிறவன் என்று பிரெலை அனுப்பிவைத்தார்கள். காலை முழுவதும் அவர் பேசினார். களிமண்ணில் தொடங்கி, சூளையின் சூட்டில் ஏறி, பூச்சில் குறையே இருக்க முடியாது என்று முடித்தார். கிழவர் வாகன்பிளாஸ்ட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதே பெட்டியிலிருந்து வெள்ளி ஏறாத ஒரு ஜாடியை எடுத்து, விருந்தாளிக்கென்று கொதிக்கும் காபியை அதில் ஊற்றினார். டிக், டிக் என்று சத்தம் வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூச்சின் மேல் மயிரிழை விரிசல்கள் ஓடின.

"காபி கொஞ்சம் சூடு அதிகம்" என்றார் பிரெல்.

அந்த வாக்கியம் ஊரில் நிலைத்துவிட்டது. மழையில் கூரை ஒழுகினாலும், கால்பந்தில் தோற்றாலும், காபி கொஞ்சம் சூடு அதிகம் என்பார்கள். பிரெலுக்கு செல்புக்குத் திரும்ப முகமில்லை. முகம் கோணாமல் இப்படிச் சொல்கிறவன் கோடும் கோணாமல் போடுவான் என்று கிழவர் சொல்லி, ஜன்னலோரம் ஓர் இருக்கை கொடுத்தார். பிரெல் உட்கார்ந்தார். போர் வந்து வெள்ளிக்குத் தடை விழுந்து, அவரும் சீருடை போட்டு ராணுவச் சமையல் வண்டி ஓட்டிய ஆண்டுகள் தவிர, அந்த இருக்கையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் கேலியாகக்கூடப் பேசியதில்லை. "என் அடியிலயும் ரெண்டு முத்திரை இருக்கு" என்று மட்டும் சொல்லுவார். "அதனால ரெண்டு ஊரும் என்னைத் தன்னுதுன்னு சொல்றதில்ல."

தன் மூக்கு, தன் வழுக்கை, செல்ப் பக்கத்துத் தன் பிராங்கோனியப் பேச்சு, எதையும் விடமாட்டார். தொழிலை மட்டும் தொடவிடமாட்டார். அங்கே கேலி கிடையாது. பெரிய கலைஞர் என்று அவரைச் சொல்ல முடியாது. அவர் வரைந்த கொடிகள் எல்லாம் ஏற்கனவே எங்கேயோ பார்த்த கொடிகள்தான். ஆனால் தவறே இல்லாத கொடிகள். பட்டறையில் அதற்குத்தான் மதிப்பு.

வேலை இதுதான். பளபளக்கும் வெள்ளைச் சாமானின் மேல் ஒரு பழுப்புக் கூழால் படம் வரைவார்கள். சின்னச் சூளையில் சுட்டால் அது பீங்கானோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு முனையில் செம்புக் கம்பியைக் கட்டி வெள்ளித் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தால், கூழ் இருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளி வந்து படியும். ஒரு நிபந்தனை உண்டு. படத்தின் ஒவ்வொரு கோடும் ஏதோ ஒரு வழியில் அந்தக் கம்பியைத் தொட்டாக வேண்டும். இலை காம்பைத் தொட வேண்டும், காம்பு கொடியை, கொடி விளிம்பை. எதையும் தொடாமல் தனியாக நிற்கும் பூவுக்கு மின்சாரம் போகாது. எத்தனை நேரம் ஊறினாலும் அது பழுப்பாகவே வெளியே வரும். அப்படி நிற்பதற்குப் பட்டறையில் ‘அநாதை’ என்று பெயர்.

இந்த விதியை பிரெல் வேதம் போல ஓதினார். புதிதாக வந்தவர்களுக்கு ஓதினார், பழையவர்களுக்கும் ஓதினார். அநாதை விட்டவனுக்குத் தண்டனையும் அவர் வைத்ததுதான். காலைச் சிற்றுண்டி இடைவேளையில் அவன் எல்லோருக்கும் உப்புத் தூவிய பிரெட்ஸெல் ரொட்டியும் சாசேஜும் பீரும் வாங்கித் தர வேண்டும். அது போதாதென்று, எழுந்து நின்று, "எல்லாக் கோடும் கை கோத்திருக்கணும். தனியா நிக்கிறதுக்கு வெள்ளி கிடையாது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிறத்தியார் செலவில் பிரெல் தின்ற சாசேஜ்கள் கொஞ்சநஞ்சமல்ல. அவர் ஒருமுறைகூட வாங்கித் தந்ததில்லை.

அதே மனிதர் சொந்த வாழ்க்கையில் எதையும் தொடாமல் நின்றார். ஒரு வாடகை அறை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒற்றை ஆள் நடை. கேட்டால், "எனக்குக் கம்பி கட்ட இடமில்ல" என்பார். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அஃப்ரா மட்டும் சிரிக்கமாட்டாள். மெருகு அறைக்கு அவள்தான் தலைவி. தொட்டியிலிருந்து சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறி வரும் வெள்ளியை, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி ஆக்குகிறவள். போருக்குப் போன கணவன் ரஷ்யாவிலிருந்து திரும்பவில்லை. வாயாடி என்று பெயர். உண்மையில் குறைவாகத்தான் பேசுவாள், ஆனால் பேசியது தங்கிவிடும். பிரெல் ஒருநாள் கொடியின் நெளிவைப் பற்றி நெடுநேரம் பேசியபோது அவள் கல்லைக் கீழே வைக்காமல், "மாஸ்டர், மூச்சு விட்டுட்டு மிச்சத்தைச் சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து அவர் மனம் அந்த அறைப் பக்கம் சாய்ந்துவிட்டது. இதை அவர் கண்டுகொள்ளவே சில ஆண்டுகள் ஆயின. நுட்பமான பார்வை உடையவர் என்று தன்னைப் பற்றி நினைத்திருந்தவருக்கு அது கொஞ்சம் நீண்ட காலம்தான்.

ஐம்பத்து நான்காம் ஆண்டு கோடையில், உல்ம் நகரத்திலிருந்த அவளுடைய அண்ணன் மனைவி இறந்துபோனாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்துவிடு என்று அண்ணன் கூப்பிட்டார். கோடை விடுமுறைக்குப் பட்டறை மூடும்போது அஃப்ராவும் போய்விடுவாள், திரும்ப வரமாட்டாள் என்று பேச்சு அடிபட்டது. தன்னைக் கட்டிக்கொள்வாளா என்று பிரெல் கேட்டாக வேண்டும், அதுவும் பட்டறை மூடுவதற்குள்.

கேட்கப் போனார். மெருகு அறை வாசலில் நின்று, அவள் நிமிர்ந்து பார்த்ததும், இந்தத் தடவை வந்த பெட்டியில் பூச்சு கொஞ்சம் நீலம் பாய்ந்திருக்கிறது என்று தொடங்கினார். வெள்ளைக் களிமண் எங்கே கிடைக்கிறது என்பதில் போய் நின்றார்.

"மாஸ்டர், நீங்க சொல்ல வந்தது இதுதானா?" என்றாள் அவள்.

"ஆமா. களிமண் விஷயம்தான்."

"சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு."

மறுபடி போனபோது சூளையின் சூட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். உலகத்தில் எதைப் பற்றியும் காலை முழுக்கப் பேசக்கூடிய ஒருவனுக்கு ஒரே ஒரு வாக்கியம் மட்டும் வாயில் வராது என்றால், அவன் அத்தனை நாள் பேசியதற்கு என்ன பொருள் என்று அன்று மாலை நடையில் யோசித்தார். யோசனை முடிவதற்குள் வீடு வந்துவிட்டது.

அதனால் ஒரு பூச்சாடியைப் பேசவைக்க முடிவு செய்தார். ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு சாமான் தனக்காகச் செய்துகொள்ளலாம் என்பது பட்டறை வழக்கம். பிரெல் அந்த உரிமையைப் பயன்படுத்தியதே இல்லை. உயரமான, வெறும் வெள்ளை ஜாடி ஒன்றை எடுத்தார். கீழே விளிம்பிலிருந்து நாணல் எழும்பும். நாணலில் ஒரு கொக்கு நிற்கும். மேலேயிருந்து இன்னொரு கொக்கு இறங்கி வரும். சிறகு விரிந்து, கால் நீண்டு, நாணலைத் தொடப் போகும், ஆனால் இன்னும் தொட்டிருக்காது. அந்த இடைவெளியில்தான் அவர் கேள்வி இருந்தது. தொட்டுவிட்டால் அது உரிமை கொண்டாடுவதாகிவிடும். தொடாமல் நின்றால் அது கேட்பது. நகக்கண் அளவு இடைவெளி. அதைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், துடைத்துவிட்டுத் திரும்ப வரைந்தார். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் கையிலிருந்து வேறெங்கும் பார்க்காத ஒன்று வந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அது சரிதான். அந்தக் கொக்கு நன்றாகவே இருந்தது.

சனிக்கிழமை சூளையிலிருந்து எடுத்துத் தொட்டிக்காரன் வின்சென்ஸிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். திங்கட்கிழமை அது தொட்டியிலிருந்து நேரே அஃப்ராவின் மேசைக்குப் போகும். இது யாருக்கு என்று அவள் கேட்பாள். உங்களுக்கு என்று அவர் சொல்வார். ஒரே ஒரு சொல். அவ்வளவு தன்னால் முடியும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

அந்த ஞாயிறு பெர்ன் நகரத்தில் உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். ஊர் முழுக்க வானொலியைச் சுற்றி நின்றது. ஹங்கேரி இரண்டு கோல் போட்டபோது யாரோ காபி சூடு அதிகம் என்றார்கள். ஜெர்மனி ஜெயித்தபோது பிரெலும் முன்பின் தெரியாத ஒரு கசாப்புக்காரரைக் கட்டிக்கொண்டார். உலகம் நம் பக்கம் திரும்பிவிட்டது, நாளைக்கு எல்லாம் நடக்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஜெயித்த நாட்டின் ஆண்கள் எல்லோருக்கும் அன்று அப்படித்தான் தோன்றியிருக்கும்.

முந்தின நாள் கத்தியதில் திங்கட்கிழமை பட்டறையில் யாருக்கும் தொண்டை இல்லை. வின்சென்ஸ் கண் சிவக்கத் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி வைத்தான். ஜாடி வந்தது. நாணல் ஒவ்வொரு தாளாக வெள்ளியில் நின்றது. கீழ்க்கொக்கு இறகு இறகாக வெள்ளியில் நின்றது. மேலே, யாரோ காபிக் கோப்பையைத் தவறவிட்டதுபோல், பழுப்பாக ஒரு கறை பறந்துகொண்டிருந்தது.

செதுக்கு மேசையில் ஒருவர் கரண்டியால் கிண்ணத்தைத் தட்டினார். அநாதை வந்தால் தட்டுவது வழக்கம். யாருடையது என்று எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். அண்மையில் சேர்ந்த ஒரு பெண் பயந்து தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "மாஸ்டரோடது" என்றான் வின்சென்ஸ். யாரும் நம்பவில்லை.

பிரெல் வந்து பார்த்தார். பார்த்ததும் புரிந்தது. அந்த நகக்கண் இடைவெளியோடு மல்லாடிய நாட்களில், எந்த விதியைப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஓதினாரோ அது ஒரு கணம்கூட நினைவுக்கு வந்திருக்கவில்லை. அவர் கவிஞனாக இருந்தது அந்த ஒரு ஜாடிக்குத்தான். அதற்குள் தொழிலாளி செத்துப்போயிருந்தான்.

"தொங்கவிடும்போது பாக்கலியா நீ?" என்று வின்சென்ஸிடம் கேட்டார்.

"பாத்தேனே."

"பாத்துட்டு?"

"நீங்க போட்டது மாஸ்டர். உங்களுக்குப் போய் நான் சொல்லவா? கம்பியில்லாம வெள்ளி ஏத்தறதுக்கு ஏதோ வழி கண்டுபிடிச்சிட்டாருன்னு நெனச்சேன். சொன்னா அரைநாள் விளக்கம் சொல்லுவீங்களேன்னு பயம் வேற."

வின்சென்ஸ் சொன்னது நியாயம்தான் என்று பிரெல் பிற்பாடு ஒப்புக்கொண்டார். தவறே செய்யாதவன் என்று பெயர் எடுத்தால், தவறு செய்யும் நாளில் எச்சரிக்க ஓர் ஆள் மிஞ்சமாட்டான். ஆனால் அந்த நேரத்தில் அவர் வாய் வேறு சொன்னது. அது வேண்டுமென்றே விட்டது, பழுப்பும் வெள்ளியும் எதிரெதிராக நிற்கிற ஒரு புதுப் பாணி என்று தொடங்கினார். பாதியில் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

"காபி சூடு அதிகம்" என்றார்.

சிற்றுண்டி இடைவேளையில் பிரெட்ஸெல் வந்தது, சாசேஜ் வந்தது, பீர் வந்தது. அத்தனை ஆண்டுகளில் அவரிடம் அபராதம் கட்டியவர்கள் எல்லாம் இரண்டு இரண்டாக எடுத்துக்கொண்டார்கள். பிரெல் எழுந்து நின்றார். அந்தச் சடங்கை ஏற்படுத்தியவனை மனத்துக்குள் திட்டிக்கொண்டே சொன்னார்: "எல்லாக் கோடும் கை கோத்திருக்கணும். தனியா நிக்கிறதுக்கு வெள்ளி கிடையாது."

"காதுல விழல" என்றது பின்வரிசை. இன்னொரு முறை சொன்னார்.

அஃப்ரா ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பிரெட்ஸெலைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். "மாஸ்டர், ஒரு சந்தேகம்" என்றாள். "இந்த மேல இருக்கிறது எங்க போகுது?"

"போகல. இறங்குது."

"எங்க?"

"நாணல்ல." கையிலிருந்த பீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அந்த இன்னொரு கொக்குக்குப் பக்கத்துல."

"இறங்கிட வேண்டியதுதானே. எதுக்கு அந்தரத்துல நிக்குது?"

இங்கே களிமண் இல்லை, சூளை இல்லை. "கேக்காம எப்படி இறங்கறதுன்னு" என்றார் பிரெல். "அது இன்னும் கேக்கல. கேக்க வரல அதுக்கு."

சாசேஜ் மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. வின்சென்ஸுக்குத்தான் கடைசியாகப் புரிந்தது. பக்கத்திலிருந்தவர் அவன் காலை மிதித்த பிறகு.

அஃப்ரா மீதிப் பிரெட்ஸெலைத் தின்று முடித்தாள். உப்பை உதறினாள். கொக்குகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து, ஜாடியை பிரெலின் மேசைமேல் வைத்து, கூழ்க் கிண்ணத்தையும் தூரிகையையும் அதன் பக்கத்தில் நகர்த்தினாள்.

"ஒரு கோடு போடுங்க. காலுலேர்ந்து நாணல் வரைக்கும்."

"இப்பவா? கால் ரொம்ப நீளமாயிடும்" என்றார் பிரெல். வாழ்க்கையே தீர்மானமாகிற நேரத்தில் அவருக்கு வந்த பேச்சு அதுதான். "அளவு கெட்டுடும். அதோட இன்னொரு தடவை சூளைக்குப் போனா கீழ இருக்கிற வெள்ளி நிறம் மாறும்."

"மாறட்டும். நான் என்ன புதுசா?" என்றாள் அஃப்ரா. "நீளக் காலா இருந்தா என்ன, தரையில நின்னாச் சரி. போடுங்க மாஸ்டர், எல்லாரும் பாக்கிறாங்க."

பிரெல் தூரிகையை எடுத்தார். சிறுவயதிலிருந்து கோடு போட்டே வளர்ந்த கை. சுழலும் தட்டில் மூச்சுவிடாமல் முழு வட்டம் போடும் கை. அது நகக்கண் அகலத்துக்கு ஒரு கோடு போட்டது. அந்தக் கோடு வலப்பக்கம் போய், சந்தேகப்பட்டு, இடப்பக்கம் திரும்பி, ஒருவழியாக நாணலில் விழுந்தது. பட்டறையில் அதைவிடக் கோணலான கோட்டை யாரும் போட்டதில்லை. துடைத்துவிட்டு நன்றாகப் போடுகிறேன் என்றார். அஃப்ரா ஜாடியை எட்ட நகர்த்திவிட்டாள்.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றாள். "சாப்பாட்டு மேசையில களிமண்ணைப் பத்திப் பேசக் கூடாது."

உல்மிலிருந்த அண்ணன் ஒரு சமையல்காரியை வைத்துக்கொண்டார். கத்தோலிக்க விதவை லூத்தர் சபைக்காரனைக் கட்டுவதா என்று பங்குச் சாமியார் நெடுநாள் முனகினார். அவருக்கு பிரெல் சமாதானம் சொல்லப் போனபோது அஃப்ராவும் கூடவே போனாள், அவர் பேசிவிடாமல் பார்த்துக்கொள்ள. ஊர் பேசும்படியான பெரிய வாழ்க்கை எதுவும் அதற்குப் பிறகு அவர்களுக்கு வாய்க்கவில்லை. அந்த ஒரு ஜாடிக்குப் பிறகு பிரெல் பழைய கொடிகளுக்கே திரும்பிவிட்டார். நன்றாக வரைந்தார், முன்போலவே எங்கேயோ பார்த்த மாதிரி வரைந்தார். அநாதை விட்டவர்களுக்குத் தண்டனை தொடர்ந்தது. உரை மட்டும் சுருங்கியது.

ஜாடி அவர்கள் சாப்பாட்டு மேசைக்கு எதிரே அலமாரியில் இருந்தது. கோணலான ஒற்றைக் கால் கீழே ஊன்ற, ஒருவழியாக வெள்ளி ஏறி, குடிபோதையில் இறங்குவதுபோல் ஒரு கொக்கு. சூளைக்கு இரண்டு தடவை போனதால் லேசாக மஞ்சள் பாய்ந்து, எந்தக் கல்லுக்கும் மசியாமல் நின்ற இன்னொரு கொக்கு. மஞ்சள் கொக்கு தான்தான் என்று விருந்தாளிகளிடம் அஃப்ரா சொல்லுவாள். ரெண்டு தடவை வெந்தது, இனிமே எதுவும் பண்ண முடியாது என்பாள். பிரெல் அந்தக் காலைக் காட்டுவார்.

"நல்லாப் பாருங்க. என் கையில வந்த ஒரே தப்பான கோடு."

"அது ஒண்ணுதான் உருப்படியா எதையாவது தொட்டுது" என்பாள் அஃப்ரா, உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே.

கோடு ஏன் கோணியது என்று பிரெல் விளக்கத் தொடங்குவார். கூழ் கொஞ்சம் இறுகியிருந்தது, இறுகினதுக்குக் காரணம் அதில் கலக்கிற களிமண் என்று வரும்போது, மேசைக்கு அடியில் ஒரு கால் அவர் காலை மிதிக்கும். அவர் நிறுத்திவிட்டு உப்பைக் கேட்பார்.